சகலனின் மேக்னம்

என்னிடம் ஒரு துவக்கு, வேட்டைத் துப்பாக்கி ஒன்று, இருந்தது என்றால் என் பிள்ளைகளே இப்போது சிரிக்கிறார்கள். ஆனால் இருந்தது. மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸில் நாங்கள் குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டில், மனைவியின் சேலைகள் தொங்கும் அலுமாரியின் பின்பக்கம், பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் அது இருந்தது. அதைச் சுற்றி நடந்தவற்றைச் சொன்னால் நான் கொஞ்சம் கேவலமாகத்தான் தெரிவேன். அதற்காகச் சொல்லாமல் விடவும் முடியவில்லை.

விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. மெஷினிலிருந்து வரும் பாகங்களை அளந்து பார்ப்பேன். ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் தூக்கி ஒதுக்கி வைப்பேன். பக்கத்து மெஷினில் நின்ற கியூபெக்காரர் ஒவ்வொரு ஒக்டோபரும் ஒரு கிழமை லீவு போட்டுவிட்டு வடக்கே காட்டுக்குப் போவார். ஒரு வருடம் என்னையும் வரச் சொன்னார். நான் வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, லைசென்ஸ் எடுத்து, அவரோடு போனேன். இரண்டு வருடம் கழித்து அவருக்கு முழங்கால் போய்விட்டது. தன் துவக்கை என்னிடம் தந்துவிட்டார். மரப் பிடி போட்ட பழைய துவக்கு. அது தின்னும் ரவையின், அதாவது தோட்டாவின், பெயரை வீட்டில் முப்பது-சைபர்-ஆறு என்று சொல்லுவேன்.

மனைவிக்கு அது வீட்டுக்குள் வந்ததே பிடிக்கவில்லை.

"துவக்குக்குப் பயந்துதானே இஞ்சை ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து நீங்கள் ஒண்டைக் கொண்டந்து என்ரை சீலைக்குள்ள வைக்கிறியள்" என்றாள்.

ஆனால் முதல் மரை விழுந்த பிறகு அவள் சத்தம் குறைந்தது. மூஸ் என்று இங்கே சொல்லும் அந்தப் பெரிய மிருகத்தை நாங்கள் மரை என்றே சொன்னோம். ஒரு மரையில் இருநூறு கிலோவுக்கு மேல் இறைச்சி. மாதா கோயில் ஆட்கள், என்னோடு வேலை செய்தவர்கள், சொந்தக்காரர் எல்லோருக்கும் கொடுத்தோம். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, பெயர் தெரியாத ஆட்கள்கூட என்னைப் பிடித்து, "அண்ணை, இந்த முறையும் மரை இறைச்சி வருமோ?" என்று கேட்டார்கள். இருபது வருடம் இந்த ஊரில் இருந்து எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான் என்று சொன்னால் மிகையில்லை. நான் வீடு வாங்கவில்லை. மேற்பார்வையாளர் ஆகவில்லை. என் பிரெஞ்சும் மேசைக்கு மேசை தடக்கி விழுகிற பிரெஞ்சு. ஆனால் மரை சுடுகிற தமிழன் நான் ஒருவன்தான்.

என் சகலன், அதாவது மனைவியின் தங்கச்சியின் புருஷன், அதையும் எடுத்துக்கொண்டான்.

அவன் எனக்கு எட்டு வருடம் கழித்து வந்தவன். விமான நிலையத்தில் அவனுக்குக் குளிர் ஜாக்கெட் கொண்டுபோய் நின்றது நான். பிரெஞ்சு வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டதும் நான். என்னைவிட இரண்டு வயது குறைவு. எப்போதும் "அண்ணை, நீங்கள்" என்றுதான் கதைப்பான். ஒரு நாளும் ஒரு சொல் குறைவாகக் கதைத்ததில்லை. அதுதான் எனக்குக் கஷ்டம். கெட்டவனாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். கூரை போடும் வேலைக்குப் போனவன், ஐந்து வருடத்தில் தானே ஆட்களை வைத்துக் கூரை போட்டான். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு வாங்கினான். அவன் பிரெஞ்சைக் கேட்டால் இந்த ஊரில் பிறந்தவன் என்பார்கள். கடையில் காசாளர் பெண்களைச் சிரிக்க வைப்பான். எங்களோடு இருந்த மாமா, மனைவியின் தகப்பன், கீழ்மாடியில் அறை இருக்கிறது என்று அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார். மாமாவுக்கு முழங்கால் நோ. காரணம் நியாயமானது. ஆனாலும் மாமாவின் சூட்கேசைத் தூக்கிக் காரில் வைத்தபோது, கதவைத் தேவைக்கு மேல் பலமாக அடித்துச் சாத்தினேன்.

இலங்கையில் எங்கள் ஊரில் சமாதான காலம் என்று சொல்லப்பட்ட அந்த வருடங்களில் ஒன்றில், அவனும் லைசென்ஸ் எடுத்தான். "உங்களைப் பாத்துத்தான் அண்ணை ஆசை வந்தது" என்றான். நானும் சந்தோஷப்பட்டதுபோல் இருந்தேன். அவன் புதுத் துவக்கு வாங்கினான். துருப்பிடிக்காத குழல், கறுப்புப் பிடி, மேலே என் முழங்கை நீளத்துக்குத் தொலைநோக்கி. மேக்னம். அதாவது பெரிய ரவை போடுகிற பெலமான வகை. அதன் ரவை என் ரவையைவிட அரை விரற்கடை நீளம், இடுப்பில் ஒரு பெல்ட் கட்டியதுபோல் தடிப்பு. கையில் வைத்துப் பார்த்தபோது என் ரவை அதன் சின்னத் தம்பி போலிருந்தது.

முதல் வருடமே, தன் கூரை வேலைக்காரர் இருவரோடு போய், பதினாறு கிளைக் கொம்போடு ஒரு கடுவனை, அதாவது ஆண் மரையை, விழுத்திவிட்டான்.

நத்தார், அதாவது கிறிஸ்மஸ், விருந்து அவன் வீட்டில். கொம்பை கராஜ் வாசலுக்கு மேல் மாட்டியிருந்தான். மாமா வந்த ஒவ்வொருவரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

"முன்னூறு மீட்டர்! ஒரே வெடி!" என்றார். "அதுக்கு நெஞ்சு வேணும் பாரும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, இன்றைக்கும் எனக்கு அது தெரியும். "உம்மடை துவக்கு பழசு எல்லோ. அந்தத் தூரத்துக்கு அது காணாது, என்ன?"

"ஓம் மாமா" என்றேன். கோப்பையில் இருந்த மரை இறைச்சிக் கறியைத் தின்றேன். நல்ல கறி. மிளகும் இரத்தச்சிவப்புக் குழம்புமாய், மச்சாள் காய்ச்சியது. பூசைக்குப் பிறகு என்னைப் பிடித்துக் கேட்கிற அதே ஆட்கள் அன்றைக்கு அவனைச் சுற்றி நின்றார்கள்.

அந்தப் பனி மாரி முழுவதும் எனக்கு ஒரே யோசனை. புது மேக்னம் வாங்கினால் அவனைப் பார்த்து வாங்கியதாக எல்லாருக்கும் தெரியும். ஆனால் என் துவக்கையே மேக்னம் ஆக்கலாம் என்று வேலையிடத்தில் ஒருவன் சொன்னான். இரண்டு ரவையிலும் குண்டு ஒரே பருமன், ஆகவே குழல் மாற்றத் தேவையில்லை. ரவை இருக்கிற அறையை நீளமாகவும் அகலமாகவும் குடைந்துவிட வேண்டும். ரவையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் முகத்தைக் கொஞ்சம் அகலமாக்க வேண்டும். ரவைக்கூட்டைச் சரிப்பண்ண வேண்டும். வெளியே பார்க்க அதே பழைய துவக்கு. உள்ளே மேக்னம். எனக்கு அது மிகவும் பிடித்துக்கொண்டது. ஒருவருக்கும் தெரியாமல் ஒரு நாள் நானும் முந்நூறு மீட்டரில் ஒன்றை விழுத்தி, "பழசுதான் மாமா" என்று சொல்லுவேன். குளிக்கும்போதுகூட அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன்.

மனைவியிடம் சொன்னபோது அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"உந்தத் துவக்குக்கு இப்ப என்ன குறை?"

"பெலன் காணாது."

"முந்திச் சுட்ட மரை சாகேல்லையோ?"

"செத்தது."

"பேந்து? அதைவிட எப்பிடிச் சாக வேணும்?"

அவள் ஒரு காற்சட்டையை மடித்து வைத்துவிட்டு, "இது துவக்கின்ரை வருத்தமில்லை" என்றாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. சரியாகச் சொன்னதால் வந்த கோபம்.

துவக்குத் திருத்துபவர் நகரத்துக்கு வெளியே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தார். ஐம்பது தாண்டிய பெண். கராஜுக்குள் பட்டறை. வெள்ளைத் தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார், மூக்கில் இரண்டு கண்ணாடி, ஒன்றின் மேல் ஒன்று. ஓகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை போனேன். என் துவக்கை வாங்கி, போல்ட்டைக் கழற்றி, குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தார்.

"நல்ல குழல்" என்றார் பிரெஞ்சில். "இதில் எவ்வளவு தூரத்துக்குச் சுடுவீர்கள்?"

"நூறு மீட்டர். சில வேளை அதற்கும் உள்ளே."

"பிறகு மேக்னம் எதற்கு?"

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "கரடி வந்தால்" என்றேன்.

இரண்டு கண்ணாடிக்கும் மேலாக என்னைப் பார்த்தார். "இங்கே இருப்பது கருங்கரடி. இந்த ரவைக்கே நன்றாகச் செத்துப்போகும்."

மறுக்கவில்லை, வேலை செய்யத் தயார் என்றார். ஆனால் முதலில் ஒரு மேக்னத்தைச் சுட்டுப் பாருங்கள் என்றார். குடைந்தது குடைந்ததுதான்; குடைந்த இரும்பைத் திரும்பி ஒட்ட முடியாது. அடுத்த சனி காலை, பழைய கல்லுடைக்கும் குழி ஒன்றில் இருந்த சுடுகளத்துக்கு வரச் சொன்னார்.

முதலில் என் துவக்கால் ஐந்து வெடி வைத்தேன். நூறு மீட்டரில் ஐந்து துளையும் என் உள்ளங்கைக்குள் அடங்கின. அவர் தலையாட்டினார். பிறகு தன்னுடைய மேக்னத்தைத் தந்தார். முதல் வெடி என் தோள்மூட்டில் யாரோ கட்டையால் அடித்ததுபோல் இருந்தது. இரண்டாவது எங்கே போனதென்று தெரியாது. மூன்றாவது தாளின் கீழ் மூலையில். நாலாவதுக்கு, "நானே ரவை போடுகிறேன்" என்று அவர் வாங்கிப் போட்டுத் தந்தார். நான் குறி வைத்தேன். மூச்சை அடக்கினேன். விசையை அழுத்தினேன்.

டிக் என்றது. அவ்வளவுதான். வெடிக்கவில்லை. உள்ளே போட்டிருந்தது வெறும் போலி ரவை. ஆனால் வெடிக்காத அந்தத் துவக்கின் மூக்கு, என் கைகளில், அரை அடி கீழே குத்திவிட்டு நின்றது. தோள் முன்னுக்குத் தள்ளியிருந்தது. கண் இரண்டும் இறுக்கி மூடியிருந்தன. இடிக்கப் போகிறது என்ற பயத்தில் என் உடம்பு எனக்குத் தெரியாமலே செய்த வேலை.

அவர் சிரிக்கவில்லை. "எல்லோருக்கும் இருக்கும்" என்றார். "கொஞ்சம் பேருக்குப் பழகப் பழகப் போகும். கொஞ்சம் பேருக்குப் போகாது. உங்களுக்கு இந்தச் சின்ன ரவையில் அது இல்லை. அதுதான் பார்க்க வேண்டியது."

நான் அளவு பார்க்கிறவன். தாளில் துளைகள் என் முன்னாலேயே இருந்தன. வேலையில் இப்படி ஒரு பாகம் வந்தால் யோசிக்காமல் ஒதுக்கிவிடுவேன். என் துவக்கோ அவருடைய மேக்னத்தைவிடப் பாரம் குறைவு, குடைந்தால் இன்னும் கூட உதைக்கும். மேக்னத்தால் கிட்டத்தில் சுட்டால் இறைச்சி கெடும். நான் சுடுவது எப்போதும் கிட்டத்தில். எல்லாம் தெரிந்தது. அந்த நேரத்தில் கண் முன்னால் வந்தது கராஜ் வாசலுக்கு மேலிருந்த கொம்பு.

"செய்யுங்கள்" என்றேன்.

சீசனுக்கு முன் அவருக்கு வேலை குவிந்து கிடந்தது. நவம்பரில்தான் முடியும், இந்த ஒக்டோபர் வேட்டையைக் குடையாமல் இப்படியே முடித்துவிட்டுக் கொண்டுவாருங்கள் என்றார். நான் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் மனம் மாறிவிடும் என்று பயம்.

செப்டெம்பர் கடைசியில் சகலன் டெலிபோன் எடுத்தான். அவனோடு போகிற வேலைக்காரர் இரண்டு பேருக்கும் இந்த முறை வசதிப்படவில்லை. இங்கே ஒரு மரைக்கு இரண்டு பேருடைய லைசென்ஸோடு வரும் அடையாளச் சீட்டு கட்ட வேண்டும். தனியாகப் போக முடியாது.

"நீங்கள் வாங்கோ அண்ணை. நாங்கள் ரெண்டு பேரும் ஒருக்காலும் சேந்து போகேல்லையே."

"என்ரை துவக்கு திருத்தக் குடுத்திருக்கு."

"அதுக்கென்ன. என்ரையை நீங்கள் வைச்சிருங்கோ. நான் மரையைக் கூப்பிடுறன், நீங்கள் சுடுங்கோ."

அவன் இடம், அவன் வாகனம், அவன் துவக்கு. மறுத்திருக்க வேண்டும். ஆனால் முந்நூறு மீட்டர் இடத்தை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒரு அவா. ஓம் என்றேன்.

ஐந்து மணித்தியால ஓட்டம். வழி முழுக்க அவன் கதைத்துக்கொண்டு வந்தான். வழியில் ஒரு தெப்பனரில், தெருவோரச் சின்னக் கடையில், நிறுத்தி, எனக்குப் பிடித்த மாதிரிச் சீனி கூடப் போட்டுக் கோப்பி வாங்கி வந்தான். கடைக்காரர் அவனைப் போன வருடத்திலிருந்து ஞாபகம் வைத்திருந்தார். எனக்கு அதுவும் எரிந்தது.

அடுத்த நாள் மத்தியானம் அந்த இடத்தைக் காட்டினான். மரம் வெட்டுகிறவர்கள் முன்பு போட்ட நேர்ப் பாதை. இந்தப் பக்கம் ஒரு பைன் குற்றி. அங்கே பாதை வளைகிற இடத்தில் ஒரு வெள்ளைப் பட்டை மரம்.

"இந்தக் குற்றியிலதான் இருந்தனான் அண்ணை. கடுவன் அந்த மரத்துக்குக் கீழை வந்து நிண்டார்."

சொல்லிவிட்டு அவன் வாகனத்தை எடுக்கப் போனான். அவன் மறைந்ததும் நான் குற்றியிலிருந்து நடக்கத் தொடங்கினேன். என் காலடி ஒன்று முக்கால் மீட்டர். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். எண்ணிக்கொண்டே போனேன். வெள்ளை மரத்தடியில் போன வருடத்து நெஞ்செலும்பு புல்லுக்குள் கிடந்தது. இடம் பிழையில்லை. நூற்றுப் பதினெட்டுக் காலடி. தொண்ணூறு மீட்டர்கூட இல்லை.

அந்த எலும்புக்குப் பக்கத்தில் நின்று நான் சிரித்தேன். வாய்விட்டே சிரித்தேன். அந்தத் தூரத்தில் என் பழைய துவக்கால் நான் கண்ணை மூடிக்கொண்டு சுடுவேன். திரும்பி வரும்போது கால் நிலத்தில் படவில்லை. அந்த நிமிடமே துவக்குத் திருத்துபவருக்கு டெலிபோன் எடுத்து, வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தக் காட்டுக்குள் டெலிபோன் வேலை செய்யாது. வேலை செய்திருந்தாலும் எடுத்திருப்பேனோ தெரியாது. அப்போது என் மனம் முழுக்க, நத்தார் விருந்தில் மாமாவுக்கு முன்னால் இந்தத் தொண்ணூறை எப்படி எடுத்து வைப்பது என்பதில்தான் இருந்தது.

மறுநாள் விடியற்காலம் உறைபனி. புல்லெல்லாம் வெள்ளை. சகலன் மரப்பட்டைக் குழலை வாயில் வைத்து, பெட்டை மரை அழுவதுபோல் நீட்டி அழைத்தான். என்னைவிட நன்றாகவே அழைத்தான். அரை மணித்தியாலம் கழித்துக் காட்டுக்குள் கிளை முறிகிற சத்தம். பிறகு கடுவன் வந்தது. கறுத்த பெரிய உடம்பு, மூக்கிலிருந்து ஆவி. எண்பது மீட்டரில் பக்கம் காட்டிக்கொண்டு நின்றது.

"இப்ப அண்ணை" என்று மூச்சுக்குள் சொன்னான்.

குறி வைத்தேன். சுடுகளத்தில் என் தோள் பட்டது எனக்கு ஞாபகம் இல்லை என்று நினைத்தேன். என் தோளுக்கு ஞாபகம் இருந்தது. வெடி போனது. கடுவனுக்கு முன்னால் நிலத்தில் மண் பறந்தது. அது தலையைத் தூக்கிப் பார்த்தது. இரண்டாவது வெடி எங்கே போனதென்று கடவுளுக்குத்தான் தெரியும். கடுவன் ஓடவில்லை, நடந்தே போனது.

காயம் பட்டிருந்தால் விட்டுவிட்டு வரக்கூடாது என்று இரண்டு மணித்தியாலம் இருவரும் குனிந்து குனிந்து தேடினோம். ஒரு துளி இரத்தம் இல்லை.

"காத்து, அண்ணை" என்றான் கடைசியில். "உந்தத் துவக்கும் ஒரு மாதிரி உதைக்கிறது. எனக்கும் போன வருசம் மூண்டு வெடி பிழைச்சுப் பேந்துதான் பட்டது."

திரும்பி வரும் வழியில், ஒரு மணித்தியாலம் ஓடிய பிறகு சொன்னான்: "வீட்டை போய் நாங்கள் ஒண்டையும் காணேல்லை எண்டு சொல்லுவம். என்ன?"

அவன் எனக்கு நல்லது செய்கிறான். அது எனக்குத் தாங்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"உம்மடை முன்னூறு மீட்டர் தொண்ணூறும் இல்லை. நான் அளந்து பாத்தனான்."

வைப்பர் இரண்டு தரம் கண்ணாடியைத் துடைத்தது. மெல்லிய மழை.

"நான் அளக்கேல்லை அண்ணை" என்றான். "மாமா முன்னூறு இருக்குமோ எண்டு கேட்டார். இருக்கும் எண்டன். பேந்து அவர் எல்லாருக்கும் சொல்லத் தொடங்கிட்டார். வயசு போன மனுசன், என்னெண்டு திருத்துறது." பிறகு கேட்டான்: "ஏன் அளந்தனீங்கள்?"

அளவு பார்க்கிறது என் தொழில் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அதன் பிறகு மொன்றியல் வரும்வரை அவன் கதைக்கவில்லை. போகும்போது நிறுத்திய அதே தெப்பனரில் நிறுத்தி, எனக்குக் கோப்பி வாங்கி வந்து தந்தான். சீனி சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமா எனக்கு டெலிபோன் எடுத்தார். குரலில் மரியாதை. "சின்ன மருமோன் சொன்னவர். மரைக் குட்டி ஒண்டு வந்ததாம், நீர் பாவம் பாத்துச் சுடாமல் விட்டிட்டீராம். நல்ல காரியம்." டெலிபோனை வைத்துவிட்டு நான் சமையலறையில் நின்றேன். பொய் சொல்லிக்கூட அவன் என்னைவிட நல்லவனாகிவிட்டான். வெட்கப்பட வேண்டிய இடத்தில் எனக்கு வந்தது பொறாமைதான்.

திங்கட்கிழமை காலை வேலையிலிருந்து துவக்குத் திருத்துபவருக்கு எடுத்தேன். வேண்டாம், குடைய வேண்டாம் என்று சொல்ல.

அவர் சந்தோஷமாகக் கதைத்தார். இன்னொருவர் தன் வேலையைத் திருப்பி எடுத்துவிட்டாராம். இடை நாள் கிடைத்ததால் வெள்ளிக்கிழமையே என் துவக்கை முடித்துவிட்டாராம். சீசனின் கடைசி நாட்களுக்காவது உங்கள் கையில் இருக்கட்டும் என்று அவசரப்பட்டேன் என்றார்.

"நன்றி" என்றேன். "மெர்சி, மெர்சி" என்று இரண்டு தரம் சொன்னேன்.

எடுக்கப் போனபோது, திரும்பிப் பழையபடி ஆக்க முடியாதா என்று கேட்டேன். வேறு குழல் போடலாம், போல்ட்டும் வேறு வேண்டும், அப்போது அது வேறு துவக்கு என்றார். வேலை மிகச் சுத்தம். குடைந்த அறை கண்ணாடி மாதிரி மினுங்கியது. பதிவுப் பத்திரத்திலும் மாற்ற மறக்காதீர்கள் என்றார். கேட்காமலே, பிடியின் பின்பக்கத்தில் தடித்த ரப்பர் ஒன்றும் போட்டிருந்தார்.

அந்த நத்தாருக்கு எங்களுக்குக் காய்ச்சல் என்று சொல்லி டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்குப் போகவில்லை. மனைவி சொன்ன பொய், எனக்காகச் சொன்னாள். சகலனும் டெலிபோன் எடுக்கவில்லை. அக்காவும் தங்கச்சியும் மட்டும் மத்தியானங்களில் தணிந்த குரலில் கதைப்பார்கள். நான் அறைக்குள் வந்தால் கறி, துணி என்று கதை மாறும்.

ஏப்பிரலில் பனி கரைந்த பிறகு ஒரு நாள், மனைவி என் முன்னால் வந்து நின்றாள். "தங்கச்சியின்ரை மனுசனும் ஆக்களும் ரொக்ஸ்பரோவில கூரை வேலை செய்யினமாம். றெயில் ஸ்ரேசனுக்குக் கிட்ட. நீங்கள் போய்க் கதைச்சிட்டு வாங்கோ. இல்லாட்டி நான் இனி உங்களோடை கதைக்கமாட்டன்."

போனேன். அவன் கூரையில் நின்றான். என்னைக் கண்டதும் ஏணியால் இறங்கி வந்தான். கையெல்லாம் தார்.

நான் வழி முழுக்கப் பாடமாக்கி வந்தது வேறு. வாயில் வந்தது இதுதான்: "எனக்கு உம்மில பொறாமை. அதுதான் அளந்தனான்."

அவன் முகம் மாறியது. நான் நினைத்த மாதிரிச் சிரிக்கவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "எனக்கு இதை எப்பிடி எடுக்கிறதெண்டு தெரியேல்லை அண்ணை" என்றான். "நீங்கள் எனக்குச் செய்ததை எல்லாம் நான் ஒவ்வொரு ஆளுக்கும் சொல்லிக்கொண்டு திரியிறன். நீங்கள் இவ்வளவு காலமும் என்னை உப்பிடியே பாத்தனீங்கள்?"

"ஓம்" என்றேன்.

தாரைப் பழந்துணியில் துடைத்தான். நெடுநேரம் துடைத்தான். பிறகு, "ஏணி ஆடுது. ஒருக்காப் பிடியுங்கோ" என்றான். பிடித்தேன். அன்று இருட்டும்வரை அவனோடு நின்று ஓட்டுக் கட்டுகளைத் தூக்கிக் கொடுத்தேன். அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கொஞ்ச மாதங்களுக்கு அவன் என்னோடு கதைக்கும்போது ஒரு சொல்லை நிறுத்தி, பார்த்து, பிறகு சொல்வதுபோல் இருந்தது. அது என் சம்பாத்தியம். பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

துவக்கை என்ன செய்வதென்று துவக்குத் திருத்துபவரிடமே கேட்டேன். வெடிமருந்து குறைத்த ரவைகள் செய்து தந்தார். மேக்னம் அறைக்குள் பழைய பெலன். இதற்காகவா குடைந்தோம் என்று இரண்டு பேரும் சிரித்தோம். அந்தக் கோடை முழுக்கச் சனிக்கிழமைகளில் கல்லுடைக்கும் குழிக்குப் போனேன். காதை நன்றாக மூடி, குறைந்த ரவையில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டி முழு மேக்னம் ரவைக்கு வந்தேன். ஓகஸ்டில் அவர் மறுபடி எனக்குத் தெரியாமல் ஒரு போலி ரவையைப் போட்டுப் பார்த்தார். மூக்கு ஆடவில்லை என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் ஆடியது.

ஒக்டோபரில் வேட்டைக்கு வரச் சொல்லி அவனே கேட்டான். நான் ஓம் என்றேன். மூன்றாம் நாள் காலை, சதுப்பு ஓரத்தில், அவன் அழைக்க, ஐம்பது மீட்டருக்கும் கிட்ட ஒரு இளம் கடுவன் வந்தது. சுட்டேன். விழுந்தது. முன்கால் சப்பை இறைச்சியில் பாதி இரத்தம் கட்டிக் கெட்டுப்போயிருந்தது. அவ்வளவு கிட்டத்தில் மேக்னம் செய்யும் வேலை அது. பழைய ரவை என்றால் அந்த இறைச்சி மிஞ்சியிருக்கும். சகலன் கத்தியால் கெட்டதை வெட்டி எறிந்துகொண்டே, "காகத்துக்கும் வேணும்தானே" என்றான்.

சுட்ட மரையை அரசாங்கத்தில் பதிகிற இடத்தில் வரிசை நின்றது. அதிகாரி இரண்டு சீட்டையும் பார்த்து, யார் சுட்டது என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முன்னம் சகலன் என் முதுகில் கை வைத்து, தன் அழகான பிரெஞ்சில், "இவர்தான், எங்கள் வீட்டின் மூத்த வேட்டைக்காரர்" என்றான். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் கைகொடுத்தார்கள்.

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். மிகக் கவனமாக, வேலையில் ஒரு பாகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல் பார்த்தேன். ஒரு சின்ன எரிச்சல், ஒரு சின்ன வாட்டம், ஏதாவது இருக்குமா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. அவன் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தான். அப்படி இருக்க எனக்கு வராது என்பது தெரிந்தபோது, மற்ற எல்லாவற்றையும்விட அதிலேதான் எனக்கு அவன் மேல் பொறாமையாக இருந்தது.

பிறகு மழை தூறத் தொடங்கியது. இருவருமாக இறைச்சிக்கு மேல் தார்ப்பாயை இழுத்து மூடினோம். அவன் அந்தப் பக்கத்துக் கயிற்றைக் கட்டினான், நான் இந்தப் பக்கத்தைக் கட்டினேன். வீட்டுக்குப் புறப்பட்டோம்.